மரணத்தை ஏற்றலும் வாழ்வை நிறைத்தலும்: திருமுதுகுன்ற மரபின் ஒளியில் புதுமைப்பித்தன், இமையம் புனைவுகள்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கியத்தில் நிலையாமை பேசப்படும் இடமெல்லாம் துறவை நோக்கியதே என்னும் கருத்து திறனாய்வில் பரவலாக நிலவுகிறது. சங்கக் காஞ்சிப் பாடல்களும் திருமுதுகுன்றம் எனப்படும் விருத்தாசலத்தின் தல மரபுகளும் இக்கருத்துக்கு மாறாக, இறப்பை ஏற்பதையே வாழ்வில் ஈடுபடுவதற்கான காரணமாக்குகின்றன. அம்மரபைப் பின்புலமாகக் கொண்டு புதுமைப்பித்தனின் ‘காலனும் கிழவியும்’, ‘மகாமசானம்’, ‘செல்லம்மாள்’ ஆகிய சிறுகதைகளையும் இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தன் இறப்பை அறிவதைக் காட்டிலும் பிறர் இறப்புக்குரியவர் என்பதை அறிவதே வாழ்வை நிறைவாக்கும் தூண்டுதல் என்பதும், காலத்தால் வரும் சாவை ஏற்பதும் மனிதரால் நேரும் சாவை ஏற்பதும் வேறுவேறு என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: நிலையாமை, காஞ்சி, திருமுதுகுன்றம், புதுமைப்பித்தன், இமையம், மரண ஏற்பு.

முன்னுரை

விருத்தாசலம் என்னும் ஊர்ப்பெயரே முதுமையைச் சுட்டுகிறது. விருத்தம் முதுமை, அசலம் மலை. பழமலை, திருமுதுகுன்றம் என்னும் தமிழ்ப்பெயர்களின் பொருளும் இதுவே. மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த இவ்வூர் தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்றது. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் இக்கோயிலுக்குக் கற்றளித் திருப்பணி செய்தார். இன்று இவ்வூர் பீங்கான் தொழிலுக்காகவும் அறியப்படுகிறது. பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கு உள்ளன.

விருத்தகாசி என்பது இவ்வூரின் மற்றொரு பெயர். காசியில் இறப்போர் பெறும் பேற்றை இங்கு இறப்போரும் பெறுவர் என்பது நம்பிக்கை. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் வழிநடைப் படலத்தில் இதனை ஒரு காட்சியாகத் தருகிறது. இத்தலத்தில் உயிர் பிரிவோரை அம்மை தன் ஆடையால் விசிற, இறைவன் மடிமேல் கிடத்தி ஐந்தெழுத்தின் இயல்பைச் சொல்கிறான் என்றும், அதனால் இம்மலை காசியினும் சிறந்தது என்றும் அது கூறுகிறது. நல்ல சாவுக்கு உரிய இடமாக ஓர் ஊர் கருதப்படுமாயின் அவ்வூரின் கதைகள் உலகை வெறுக்கக் கற்பிக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. விருத்தாசலத்தின் கதைகள் அவ்வாறு கற்பிக்கவில்லை. இந்த முரணே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

தல மரபு: முதுமையும் சோறும்

இத்தலத்தோடு தொடர்புடைய இரு கதைகள் கருதத்தக்கவை. முதலாவது, சுந்தரர் பற்றியது. ஊர் பழையது, இறைவன் பெயர் பழமலைநாதர், இறைவி பெயர் விருத்தாம்பிகை. எல்லாம் முதுமையாகவே இருக்கக் கண்ட சுந்தரர் பாடாமல் விலகிச் சென்றார் என்றும், முருகன் வேடனாக வந்து அவருடைய பொருளைப் பறித்து அவரை இத்தலத்துக்குத் திரும்பச் செய்தான் என்றும் மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயில் சார்ந்த வழக்கு கூறுகிறது. திரும்பி வந்தவர் பெற்றது பொன். 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்னும் செய்தி பரவலாக அறியப்பட்டது. முதுமையை விட்டு விலக எண்ணியவர் முதுமையிடமே திரும்பிவந்து, உலகியல் வாழ்வுக்கு வேண்டிய பொருளைப் பெறுகிறார் என்பது இக்கதையின் உள்ளீடு.

இரண்டாவது கதை குரு நமசிவாயரைப் பற்றியது. குகை நமசிவாயரின் மாணவரான இவர் திருவண்ணாமலையிலிருந்து தில்லை செல்லும் வழியில் இங்குத் தங்கினார். பசித்தபோது பெரியநாயகியை முதியவளாகக் குறித்துச் சோறு கொண்டுவரும்படி பாடினார். முதியவளாகத் தோன்றிய அம்மை, முதியவளால் சோறு சுமந்து வரவியலுமா என்று வினவினாள். என்றும் இளையவள் என்று அவர் மாற்றிப் பாடவே, இளம்பெண்ணாக வந்து அமுதளித்தாள்.

இறந்தால் முத்தி தரும் தலத்தில் ஒரு துறவி கேட்பது முத்தியன்று, அன்றிரவுக்கான சோறு. அதனைக் கொடுப்பவள் மூதாட்டி, குமரி ஆகிய இரு வடிவிலும் ஒருத்தியே. முதுமையை மறைத்து இளமை வருவதாகக் கதை சொல்லவில்லை. முதுமையின் இயலாமையை முதலில் ஒப்புக்கொண்ட பிறகே இளமை தோன்றுகிறது. சாவின் அண்மை அறியப்பட்ட இடத்தில்தான் பசியும் உணவும் முழுப்பொருள் பெறுகின்றன என்னும் கருத்து இதில் பொதிந்துள்ளது.

காஞ்சி மரபு: அறிந்தோர் காணும் இனிமை

இக்கருத்து தல மரபுக்கு மட்டும் உரியதன்று. தொல்காப்பியம் காஞ்சித் திணையை நில்லா உலகின் இயல்பைச் சார்ந்ததாக வரையறுக்கிறது. அத்திணையின் பெயரைத் தாங்கிய மதுரைக்காஞ்சி, தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த மாங்குடி மருதனார் பாடியது. 782 அடிகளைக் கொண்ட அப்பாட்டில் நிலையாமையை நேரடியாகச் சொல்லும் பகுதி மிகச் சிறிது. பெரும்பகுதி மதுரையின் தெருக்கள், அங்காடிகள், இரவின் யாமங்கள், விடியலின் ஓசைகள் ஆகியவற்றை விரிக்கிறது. இறுதியில் புலவர் மன்னனை நாட்டைத் துறக்கச் சொல்லவில்லை. வரையறுக்கப்பட்ட தன் வாழ்நாளில் இனிது மகிழ்ந்து உறையுமாறு வாழ்த்துகிறார். வாழ்நாள் வரையறைக்கு உட்பட்டது என்பதே அம்மகிழ்ச்சிக்கு அவர் காட்டும் காரணம்.

பக்குடுக்கை நன்கணியாரின் புறநானூற்றுப் பாடலும் (194) இவ்வாறே அமைகிறது. ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கக் காட்டும் புலவர், உலகின் கொடுமையை மறைக்கவில்லை. அதன் இயல்பை உணர்ந்தோர் இனியவற்றைக் காண்க என்றே முடிக்கிறார். இங்கு உணர்தல் காரணம், இனிமை காணல் விளைவு.

இவ்வளவு தெளிவான மரபு இருந்தும் நிலையாமை துறவோடு மட்டும் பிணைக்கப்பட்டதற்குத் திருக்குறளின் அதிகார வைப்பு ஒரு காரணமாகலாம். நிலையாமை அதிகாரம் (34) துறவறவியலில் இடம்பெறுகிறது. ஆயின், நாவடங்கி விக்குள் எழுவதற்குமுன் நல்வினையை விரைந்து செய்ய வேண்டும் என அவ்வதிகாரத்துக் குறளே (335) வலியுறுத்துகிறது. அறத்தைப் பின்னர்ச் செய்வோம் எனத் தள்ளிப்போடாதே என்னும் குறள் (36), இல்லறத்துக்கும் துறவறத்துக்கும் பொதுவான பாயிரத்தில் உள்ளது. தள்ளிப்போடுதலே இறப்பை மறந்தோரின் இயல்பு என்பது இவ்விரு குறள்களையும் இணைத்து நோக்கும்போது புலப்படும்.

குயவனின் எல்லையும் காலனின் எல்லையும்

விருத்தாசலம் என்பது சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தனின் இயற்பெயரும் ஆகும். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து 1948இல் மறைந்த அவர் 42 ஆண்டுகளே வாழ்ந்தவர். அக்குறுகிய வாழ்நாளைக் கொண்டு அவர் கதைகளை விளக்குவது எளிது. ஆனால் அது அக்கதைகளின் தருக்கத்தை மறைத்துவிடும். அவருடைய மரணக் கதைகள் தம்மளவிலேயே வாதிடும் ஆற்றல் பெற்றவை.

‘காலனும் கிழவியும்’ கதையில் உயிர் கொள்ள வந்த காலனோடு ஒரு கிழவி வழக்காடுகிறாள். அவள் சாவை மறுக்கவில்லை. தனக்கு விலக்கும் வேண்டவில்லை. காலனின் அதிகாரம் எதுவரை செல்லும் என்று கேட்கிறாள். உயிரை எடுத்துச் செல்ல முடியும். உடலைக்கூட எடுத்துச் செல்ல முடியாது. ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியும், அழிக்க முடியாது. படைத்த கடவுளுக்கே இயலாததைக் காலன் எவ்வாறு செய்வான் என்பது அவள் வினா. காலனிடம் விடையில்லை.

இவ்வாதத்தின் வேர் புறநானூற்றில் உள்ளது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் தாழி வனையும் குயவனைப் பார்த்து இரங்கிப் பாடினார் (228). அம்மன்னனை மூடும் அளவுக்குத் தாழி செய்ய வேண்டுமானால் நிலவுலகையே திகிரியாகவும் பெருமலையையே மண்ணாகவும் கொள்ள வேண்டும். அது குயவனுக்கு இயலுமா என்பது பாடலின் பொருள். தாழி உடலை மூடும். வாழ்ந்த வாழ்வை மூடாது. புலவர் குயவனின் எல்லையைக் காட்டுகிறார். கிழவி காலனின் எல்லையைக் காட்டுகிறாள். இரண்டிலும் சாவு ஏற்கப்படுகிறது. ஆயினும் வாழ்வின்மீது அதற்கு முழு உரிமை வழங்கப்படவில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் குறிப்பிடத்தக்கது. புறப்பாடலில் தாழிக்குள் அடங்காதது மன்னனின் புகழ். கிழவிக்கு அத்தகைய புகழ் இல்லை. பெயர் பொறிக்கப்படாத எளிய வாழ்வுக்கும் அதே பெருமையைக் கோருவதில்தான் புதுமைப்பித்தனின் நவீனத்துவம் உள்ளது. வீரர்க்கு உரியதாக இருந்த வாதத்தை அவர் குடிசைக்குக் கொண்டுவருகிறார்.

ஒன்றை வேறொன்றாக மாற்றலாம், அழிக்க முடியாது என்னும் கிழவியின் கூற்றைப் பீங்கான் நகரத்தார் தம் சூளையிலேயே சரிபார்க்கலாம். பச்சை மண் நீரில் கரையும். ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியசு வெப்பத்தில் களிமண்ணின் வேதிக்கட்டிலுள்ள நீர் வெளியேறிய பின் அது மீண்டும் குழையாது. சுட்ட கலம் உடையலாம். பச்சை மண்ணாகத் திரும்பாது. வாழப்பட்ட ஒரு நாளும் அத்தகையது. அது முடிந்துபோகும், ஆனால் வாழப்படாத நாளாக மாற்றப்பட மாட்டாது. அகழ்வில் வெளிப்படும் முதுமக்கள் தாழிகளின் ஓடுகளே இதற்குச் சான்று.

மறத்தலும் கவனித்தலும்

சாவை மறந்த வாழ்வு எத்தகையது என்பதை ‘மகாமசானம்’ காட்டுகிறது. சென்னையின் பரபரப்பான சாலையோரத்தில் ஒரு பிச்சைக்காரர் இறந்துகொண்டிருக்கிறார். நகரம் தன் போக்கில் விரைகிறது. நின்று உற்றுநோக்குவது ஒரு குழந்தை. இறப்பவர் கிடக்கும் இடத்தையன்று, இறப்பைக் காணாது விரையும் நகரத்தையே தலைப்பு சுடுகாடு என்கிறது. சாவை விலக்கி வைத்ததால் நகரம் கூடுதலாக வாழ்ந்துவிடவில்லை, உயிரோட்டத்தையே இழந்திருக்கிறது.

‘செல்லம்மாள்’ இதன் மறுதலை. சென்னையில் துணிக்கடை ஊழியராக இருக்கும் பிரமநாயகம் பிள்ளை நோயாளியான மனைவியைப் பேணுகிறார். கதை அவளது மரணத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்வதால், அவர் செய்யும் ஒவ்வொரு சிறு பணியையும் வாசகர் அம்மரணத்தை அறிந்தபடியே காண நேர்கிறது. கஞ்சி காய்ச்சுவதும் மருந்து தேடுவதும் மட்டுமல்ல. படுக்கையில் கிடப்பவள் தேர்ந்துகொள்வதற்காகக் கடையிலிருந்து புடவைகளைக் கொண்டுவருவதும் அவற்றுள் ஒன்று. வறுமை தீரவில்லை, நோய் தீரவில்லை. எனினும் தேர்ந்தெடுக்கும் உரிமை அவளிடம் இருக்கிறது. நிறைவான வாழ்வு என்பது பெருஞ்செயல்களின் தொகுதி என்னும் எண்ணத்தை இச்சிறு நிகழ்ச்சி மறுக்கிறது.

மேலைத் தத்துவத்தோடு ஒப்பிடும்போது இதன் தனித்தன்மை தெளிவாகும். மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளிவந்த ‘இருத்தலும் காலமும்’ நூலில், சாவு ஒவ்வொருவர்க்கும் தனியுரிமையானது என்றும், அதனை எதிர்கொள்வதால் மனிதர் கூட்டத்தின் பொதுப்போக்கிலிருந்து விடுபட்டுத் தம் இருப்பைக் கைக்கொள்கின்றனர் என்றும் வாதிட்டார். அங்குச் சாவு மனிதரைத் தனிமைப்படுத்தித் தெளிவிக்கிறது. பிரமநாயகம் பிள்ளையைத் தெளிவிப்பது தம் சாவு அன்று, செல்லம்மாளின் சாவு. அத்தெளிவு அவரைத் தனிமைக்கு இட்டுச்செல்லாமல் அடுப்படிக்கும் படுக்கையருகேயும் கொண்டுசெல்கிறது.

‘செல்லாத பணம்’: ஏற்பின் எல்லை

இதுவரை கூறியவற்றுக்குக் கடுமையான சோதனையாக அமைவது விருத்தாசலம் வட்டாரத்தைச் சார்ந்த இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவல். 2018இல் வெளிவந்து, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற இந்நாவலின் மையம், தீக்காயங்களுடன் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சேர்க்கப்படும் ரேவதி. பொறியியல் படித்த அவள், பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரான ரவியைக் குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறி மணந்தவள். எவ்வளவு பணம் செலவழித்தாலும் மகளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று துடிக்கும் தந்தை நடேசனின் பணம் அங்குச் செல்லுபடியாகவில்லை.

தலைப்பை, பணத்தால் உயிரை வாங்கவியலாது என்னும் அறவுரையாக மட்டும் கொள்வது நாவலைச் சுருக்குவதாகும். பணம் என்றுமே செல்லாததாக இருக்கவில்லை; அது செல்லக்கூடிய காலம் ஒன்று இருந்தது. மகளின் இல்லறத்துக்கு அப்பணமும், அதனினும் மேலாகப் பேச்சும் போக்குவரத்தும் பயன்பட்டிருக்கக்கூடிய காலம் அது. மணத்தின்மீது கொண்ட சினத்தால் அக்காலம் கடத்தப்பட்டது. சினம் எப்போது வேண்டுமானாலும் தணியலாம், உறவை நாளைக்குப் புதுப்பிக்கலாம் என்னும் எண்ணம், மகளுக்கு முடிவற்ற நாள்கள் உள்ளன என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்தது. தான் ஒருநாள் இறப்போம் என்பதை அறியாதவர் இல்லை. பிள்ளையும் இறக்கக்கூடியவள் என்பதை அறிந்து நடப்பவரே அரியர். பிரமநாயகம் பிள்ளை கைக்கொண்டதும் நடேசன் கைவிட்டதும் இந்த அறிவே.

இங்கு ஒரு மறுப்பு எழும். சாவை ஏற்றுக்கொள் என்னும் அறிவுரையை ரேவதியின் படுக்கையருகே நின்று சொல்ல இயலுமா? இயலாது. பிறப்புண்டேல் இறப்புண்டு என்னும் பொதுமை, இந்த இறப்புக்கு யார் காரணம் என்னும் வினாவை மூடிவிடும். அவள் தீயிட்டுக்கொண்டாளா, தீயிடப்பட்டாளா என்னும் ஐயத்தை நாவல் எளிதில் தீர்த்துவைக்காதது இதனால் பொருளுடையதாகிறது. ஐயம் நீடிக்கும்வரை கணவனும் பெற்றோரும் ஊராரும் பொறுப்பிலிருந்து விலக முடியாது. தீக்காயப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் பிற குடும்பங்களின் கதைகளும் அவ்வினாவை ஒரு குடும்பத்தின் அவலமாகச் சுருங்கவிடாமல் பெண்கள் பலரின் நிலையாக விரிக்கின்றன.

எனவே ‘காலனும் கிழவியும்’ கதையையும் ‘செல்லாத பணம்’ நாவலையும் ஒருங்கே வைத்துப் படிப்பது தேவையாகிறது. கிழவியின் முன் நிற்பவன் காலன். ரேவதியை நெருங்குவது காலன் மட்டுமல்லன். கௌரவமும் சினமும் வறுமையும் அவனோடு சேர்ந்து வருகின்றன. கிழவி வாதிட்டு வெல்வதற்கு அவள் வாழ்ந்து முடித்த நீண்ட வாழ்வு துணைநிற்கிறது. ரேவதிக்கு அவ்வாழ்வு மறுக்கப்பட்டது. முதுமையை அடைவதே ஒரு பேறு என்பதையும், அப்பேறு எல்லார்க்கும் சமமாக வாய்ப்பதில்லை என்பதையும் நாவல் உணர்த்துகிறது. மரண ஏற்பைப் போற்றும் எந்தச் சிந்தனையும் இவ்வேறுபாட்டைக் கருதாவிடின் அநீதிக்கு ஆறுதல் கூறுவதாகவே முடியும்.

முடிவுரை

திருமுதுகுன்றத்தின் தலக்கதைகள் முதுமையையும் சாவையும் மறைக்காமல் ஏற்று, அவ்வேற்பின் நடுவே சோற்றையும் பொன்னையும் இளமையையும் வைக்கின்றன. காஞ்சிப் பாடல்கள் உலகின் இயல்பை உணர்வதை இனிமை காண்பதற்கான வழியாக்குகின்றன. புதுமைப்பித்தன் இவ்வறிவை மன்னரிடமிருந்து எளியோர்க்கு மாற்றி, காலனின் எல்லையை ஒரு கிழவியின் வாயால் வரையறுக்கிறார். ஆகவே நிலையாமை என்பதைத் துறவின் முன்னுரையாக மட்டும் வாசிக்கும் போக்கு மறுபரிசீலனைக்கு உரியது.

இமையத்தின் நாவல் இம்மரபுக்கு இரு திருத்தங்களைச் சேர்க்கிறது. வாழ்வைத் தூண்டும் மரண அறிவு தன்னைப் பற்றியதாக மட்டும் நின்றால் போதாது. உடன் வாழ்வோரும் நிலையாதவர் என்னும் அறிவாக அது விரிய வேண்டும். தடுக்கக்கூடிய சாவுகளைத் தடுப்பது மரண மறுப்பு ஆகாது. நாள்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதை ஏற்றுக்கொண்டவரே ஒரு நாளும் வீணே பறிக்கப்படலாகாது என்று போராட முடியும். சங்கக் காஞ்சியையும் தற்காலப் புனைவையும் தனித்தனிப் பாடங்களாகப் பயிற்றும் சூழலில், அறத்தை நாளைக்குத் தள்ளாதே என்னும் ஒரே குரல் இரண்டிலும் ஒலிப்பதை எடுத்துக்காட்டும் ஒப்பாய்வுகள் மேலும் நிகழ வேண்டும்.